46 வயதில் கியர் வண்டி: வாங்கும் முன் பிரேக் பிடிக்கப் பழகுங்கள்

கேள்வி: எனக்கு வயது 46. 20 வருடமாகக் கார் ஓட்டுகிறேன். சின்ன வயதில் சைக்கிள் ஓட்டியதோடு சரி, மோட்டார் வண்டியின் ஹேண்டிலைத் தொட்டதே இல்லை. கியர் பைக் ஓட்ட வேண்டும் என்பது கல்லூரிக் காலத்து ஆசை. என் தோழிகள் நான்கு பேர் இன்னும் ஆறு மாதத்தில் 350 சிசி வண்டிகளில் நெடும்பயணம் போகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். கணவரின் நெருங்கிய நண்பர் பைக் விபத்தில் இறந்தவர். "அவ்வளவு ஆசையாக இருந்தால் நான் ஓட்டுகிறேன், நீ பின்னால் உட்கார்" என்கிறார். மாமியார் என்னுடன் பேசுவதையே குறைத்துவிட்டார். 15 வயது மகன் மட்டும் குதூகலமாக இருக்கிறான். எனக்கு ரத்த அழுத்த மாத்திரை உண்டு, புரோகிரசிவ் கண்ணாடி அணிகிறேன், இடது முழங்காலில் லேசான வலி, உயரம் 157 செ.மீ. உண்மையைச் சொன்னால் எனக்கும் பயம்தான். இந்த வயதில் இது வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வேண்டுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். முடியுமா என்று கேட்டால், முடியும். ஆனால் ஆறு மாதத்தில், 350 சிசி வண்டியில், தோழிகளோடு சேர்ந்து நெடும்பயணம் என்ற திட்டத்துக்கு என் பதில் இப்போதே: கூடாது. காரணங்களைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

உங்கள் கணவர் பக்கத்து நியாயத்தை முதலில் பேசிவிடுவோம். மோட்டார் சைக்கிள் ஆபத்தான வாகனம்தான். ஒரே தூரத்தைக் கடக்கும்போது, காரில் இருப்பவரைவிட பைக்கில் இருப்பவர் இறக்கும் வாய்ப்பு 20 மடங்குக்கும் அதிகம் என்கின்றன அமெரிக்க அரசின் சாலைக் கணக்குகள். ஆகவே "ஜாக்கிரதையாக ஓட்டினால் ஒன்றும் ஆகாது" என்று வீட்டில் வாதாட வேண்டாம். அது உண்மை இல்லை. ஒரு நண்பரைப் பறிகொடுத்தவருக்கு அது நன்றாகவே தெரியும். அதே சமயம், அந்த ஆபத்து எல்லோர் தலையிலும் ஒரே அளவில் விழுவதும் இல்லை. குடித்துவிட்டு ஓட்டியவர், ஹெல்மெட் போடாதவர், வண்டி வாங்கிய மாதமே நெடுஞ்சாலையில் பறந்தவர் எல்லோரும் அந்தக் கணக்குக்குள் அடக்கம்.

1981-ல் வெளியான ஹர்ட் அறிக்கை இதைப் பிரித்துக் காட்டியது. தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தது. பழைய ஆய்வுதான், பயிற்சியாளர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள். சுமார் முக்கால்வாசி விபத்துகளில் பைக் இன்னொரு வாகனத்தோடு மோதியிருந்தது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கில், வழிவிட வேண்டிய மற்ற வாகனம் வழிவிடவில்லை. விபத்துக்கு முந்தைய வேகத்தின் நடுமதிப்பு மணிக்கு 48 கி.மீ. மட்டுமே. ஆபத்தைக் கண்டதிலிருந்து ஏதாவது செய்யக் கிடைத்த நேரம் இரண்டு விநாடிக்கும் குறைவு. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாமாகவோ, குடும்பத்தாரிடமோ, நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் அந்த வண்டிக்கு வந்து ஐந்து மாதம்கூட ஆகாதவர்கள். உயிர்போன விபத்துகளில் ஏறக்குறைய பாதியில் மது இருந்தது.

இந்த எண்களையே உங்கள் திட்டமாக மாற்றலாம். முறையாகக் கற்பது, புது வண்டியோடு பழகும் முதல் மாதங்களில் ஆபத்தான இடங்களைத் தவிர்ப்பது, மற்றவர் வழிவிட மாட்டார் என்றே வைத்துக்கொண்டு ஓட்டுவது, அந்த இரண்டு விநாடிக்குள் பிரேக்கைச் சரியாகப் பிடிப்பது.

உடம்பு

வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன் கண் மருத்துவரைப் பாருங்கள். புரோகிரசிவ் கண்ணாடியின் கீழ்ப்பகுதி அருகில் பார்ப்பதற்கானது. இரு ஓரங்களிலும் காட்சி நெளியும். காரில் நிமிர்ந்து உட்கார்ந்து தூரத்தைப் பார்ப்பதால் இது பெரிதாக உறுத்தாது. பைக்கில் சக்கரத்துக்குச் சில மீட்டர் முன்னால் கிடக்கும் மணலையும் பள்ளத்தையும் கண்ணைத் தாழ்த்திப் பார்ப்பீர்கள். சரியாக அந்த இடம்தான் கலங்கித் தெரியும். தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கும்போது ஓரத்து நெளிவு குறுக்கே வரும். ஓட்டுவதற்கென்று தூரப்பார்வைக்கு மட்டுமான தனிக் கண்ணாடி வாங்கிவிடுங்கள். காதுக்குப் போகும் கம்பி மெலிதாக, நேராக இருக்கட்டும். தடித்து வளைந்த கம்பி ஹெல்மெட்டுக்குள் நுழையாது, நுழைந்தாலும் பொட்டில் அழுத்தித் தலைவலி தரும். 40-ஐத் தாண்டினால் இருட்டில் எதிர்வெளிச்சத்தின் கூச்சம் தணிய நேரம் கூடும் என்பதையும் மனதில் வையுங்கள். இரவு ஓட்டத்தை ஏன் கடைசிக்குத் தள்ளச் சொல்கிறேன் என்பதற்கு இதுவும் காரணம்.

ரத்த அழுத்த மாத்திரை தடை இல்லை. ஆனால் சில மாத்திரைகள் சட்டென எழுந்தால் தலைசுற்றல் தரும். மாத்திரையோ அளவோ மாறிய முதல் சில நாட்களில் வண்டியை எடுக்காதீர்கள். தூக்கம் வரவழைக்கும் சளி, ஒவ்வாமை மாத்திரைக்கும் இதே விதி. எலும்பு அடர்த்தியைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். கற்கும்போது எப்படியும் ஓரிரு முறை சாய்வீர்கள். மாதவிடாய் நிற்கும் பருவத்தை ஒட்டி மணிக்கட்டு எலும்பு முன்பு போல் தாங்காமல் போகலாம்.

கழுத்துக்கு ஒரு சோதனை: நாற்காலியில் நேராக அமர்ந்து, இடுப்பைத் திருப்பாமல் தாடையைத் தோள் பக்கம் கொண்டுபோங்கள். பின்னால் இருப்பது ஓரக்கண்ணில் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் கழுத்துப் பயிற்சியை இன்றே தொடங்குங்கள். முழங்கால்தான் உங்கள் விஷயத்தில் உண்மையான கேள்வி. வண்டி நிற்கும்போது வலது கால் பின் பிரேக்கில் இருக்கும், இடது கால்தான் தரையில் ஊன்றும். கியர் போடுவதும் இடது கால். நிறுத்தி வைத்த வண்டியில் உட்கார்ந்து, ஸ்டாண்டை மடக்கி, இடது காலில் மட்டும் இரண்டு நிமிடம் தாங்கிப் பாருங்கள். பக்கத்தில் ஒருவர் பிடிக்கத் தயாராக நிற்கட்டும். வலித்தால் வண்டியின் எடையைக் குறைக்க வேண்டும் என்று அர்த்தம். கியரை முழங்காலால் உந்தாமல் கணுக்காலை அசைத்துப் போடப் பழகினால் பாதி வலி வராது.

எந்த வண்டி

350 சிசி வண்டிகள் பெரும்பாலும் 180 கிலோவைத் தாண்டும். ஓடும்போது அந்த எடை தெரியாது. நிறுத்தும்போது, தள்ளும்போது, சரிவில் திருப்பும்போது தெரியும். புதியவர்கள் வண்டியைக் கீழே போடுவதும் பெரும்பாலும் இந்த நேரங்களில்தான். உங்களுக்கு 125 முதல் 160 சிசி வரை, 145 கிலோவுக்கு உட்பட்ட, ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டி போதும். இரு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் இருந்தால் மேல். ஒன்றுக்குத்தான் என்றால் முன் சக்கரத்துக்கு இருக்கட்டும்.

இருக்கையின் உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 790 மி.மீ. உயரமும் ஒடுங்கிய இருக்கையும் உள்ள வண்டியில் கால் தரையில் படும்; 770 மி.மீ.தான் என்றாலும் அகன்ற இருக்கை தொடையை விரித்துக் காலைத் தூக்கிவிடும். ஓட்டும்போது போடப்போகும் பூட்ஸோடு போய் உட்காருங்கள். ஒரு பாதம் முழுதாகவும் மற்றதன் முன்பாதமும் தரையில் பதிந்தால் போதும். பிரேக், கிளட்ச் நெம்புகளை விரலின் முதல் மடிப்பு எட்டுகிறதா என்று பாருங்கள். கை சிறியதாக இருந்தால் நெம்பின் தூரத்தைக் குறைக்கும் வசதியுள்ள வண்டியாகத் தேடலாம். இதைப் பெண்களுக்கு யாரும் சொல்வதில்லை, பிறகு "பிரேக் பிடிக்கத் தெரியவில்லை" என்று குறை மட்டும் சொல்வார்கள்.

முதல் வண்டி பழையதாக இருப்பது நல்லது. கீழே விழுந்தால் மனசு அடித்துக்கொள்ளாது. வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்: 2321 என்றால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. ஐந்து வருடம் தாண்டிய டயர் பள்ளம் தேயாமல் இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். மாற்றும் செலவையும் சேர்த்தே பேரம் பேசுங்கள். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் ஒரு சிக்கல் தட்டினால் கழுத்து பேரிங் போய்விட்டது. முன் ஃபோர்க் குழாயில் எண்ணெய்ப் பசை இருந்தால் சீல் கசிகிறது.

ஒரு எச்சரிக்கை: வண்டி சாயத் தொடங்கி ஒரு கோணத்தைத் தாண்டிவிட்டால் பிடித்து நிறுத்தப் போராடாதீர்கள். விட்டுவிட்டு விலகுங்கள். இடுப்பும் முழங்காலும் போவது அந்த வீண் இழுபறியில்தான். பிறகு தூக்க ஒரு முறை உண்டு. இன்ஜினை அணையுங்கள். வண்டி உருளாமல் இருக்கக் கியரில் இருக்கட்டும். வலது பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலில் வெளியே இழுத்துவிடுங்கள், இல்லையென்றால் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் சாய்ந்துவிடும். ஹேண்டிலைத் தரைப் பக்கம் முழுதாகத் திருப்பி, வண்டிக்கு முதுகு காட்டி, புட்டத்தை இருக்கையின் ஓரத்தில் ஒட்டி உட்காருவதுபோல் அமருங்கள். ஒரு கை ஹேண்டில் பிடியில், மறுகை பின்பக்கக் கம்பியில். முதுகை நேராக வைத்துக்கொண்டு சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடந்தால் தொடையின் பலத்தில் வண்டி எழும்.

பயிற்சி: யாரிடம், எப்படி

கணவரிடம் கற்காதீர்கள். அவர் நன்றாக ஓட்டுபவராகவே இருக்கலாம். ஆனால் ஓட்டுவது வேறு, கற்றுத் தருவது வேறு. அதோடு நீங்கள் தடுமாறும் ஒவ்வொரு முறையும் அவருடைய பயம்தான் கத்தும். சாலைக்குப் போகும் முன் மூடிய மைதானத்தில் கற்றுத் தரும், தன் வண்டியையே தரும் பயிற்சியாளரைத் தேடுங்கள். சேரும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "அவசர பிரேக் பழகித் தருவீர்களா?" "முன் பிரேக்கைத் தொடவே தொடாதீங்க" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

அந்த அறிவுரைக்குப் பின்னால் ஒரு காரணம் இல்லாமல் இல்லை. முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும், வண்டி காலடியிலிருந்து நழுவும். இரண்டாவது, ஹேண்டில் திரும்பியிருக்கும்போது மெதுவான வேகத்தில் முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி அந்தப் பக்கமே பொத்தென்று சாயும். புதியவர்கள் விழுவதற்கு இதுவே முதல் காரணம் என்பேன். இதைக் கண்டு பயந்தவர்கள் முன் பிரேக்கையே கைவிட்டுவிடுகிறார்கள். அங்கேதான் பெரிய ஆபத்து. வேகம் குறையும்போது எடை முன்னால் சாய்கிறது, முன் டயர் தரையில் அழுந்துகிறது, பின் டயர் லேசாகிறது. நிறுத்தும் பலத்தில் 70 சதவீதமோ அதற்கு மேலோ முன் சக்கரத்தில்தான் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 கி.மீ. வேகத்தில் வண்டி விநாடிக்கு 14 மீட்டர் போகிறது. ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒரு விநாடி என்றால் அந்த 14 மீட்டர் சும்மா கழியும். பிறகு காய்ந்த சாலையில் இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடித்தவர் மேலும் 14 மீட்டரில் நிற்பார். பின் பிரேக் மட்டும் பிடித்தவருக்கு 28 மீட்டர் வேண்டும். முதலாமவர் நின்ற புள்ளியை இரண்டாமவர் சுமார் 35 கி.மீ. வேகத்தில் கடந்துகொண்டிருப்பார். அந்தப் புள்ளியில் ஒரு கார் குறுக்கே நின்றால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்காகும்.

பழகும் முறை இது. மைதானத்தில் 20 கி.மீ. வேகத்தில் நேராக வாருங்கள். பார்வை தூரத்தில், ஹேண்டில் நேராக. ஆக்சிலரேட்டரை மூடி, கிளட்சைப் பிடித்து, பின் பிரேக்கை லேசாக அழுத்தி, முன் பிரேக்கை முதலில் தொட்டு, முன்பக்கம் அமுங்குவதை உணர்ந்தபின் இறுக்கிக்கொண்டே போங்கள். தொடுவதற்கும் இறுக்குவதற்கும் நடுவில் உள்ள அந்தக் கண்ணிமைக்கும் நேரம்தான் முழு வித்தை. எடை முன்னால் வந்து டயர் அழுந்தியபின் படிப்படியாக இறுக்கினால் பிடிப்பு இருக்கும். அதற்கு முன் இறுக்கினால் வழுக்கும். ஒரு அமர்வில் 15, 20 முறை. தடுமாறாமல் வந்தால் 30 கி.மீ., பிறகு 40. தண்ணீர் பாட்டில் ஒன்றை வைத்து, பிரேக் தொடங்கும் இடத்தையும் நின்ற இடத்தையும் அடியால் அளந்து எழுதுங்கள். தூரம் குறைவதைப் பார்ப்பது உங்களுக்கும் தைரியம், வீட்டுக்குக் காட்டவும் ஆதாரம். ஏபிஎஸ் உள்ள வண்டியில் பின் பிரேக்கை அழுத்தமாக மிதித்து, அது உதறும் உணர்வை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். தெரியாதவர்கள் அந்த உதறலில் பயந்து பிரேக்கை விட்டுவிடுகிறார்கள். பின் சக்கரத்துக்கு ஏபிஎஸ் இல்லை என்றால் இந்தச் சோதனையைப் பயிற்சியாளர் இல்லாமல் செய்ய வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்பாடம் கிளட்ச். முதல் கியரில் கிளட்சை மெல்ல விட்டால் ஓரிடத்தில் வண்டி முன்னால் நகரத் துடிக்கும். அந்த இடத்தை விரல் தானாகக் கண்டுபிடிக்கும்வரை, ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் முன்னும் பின்னும் அசைத்து 40, 50 முறை செய்யுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் மெதுவாகத் திரும்பும்போது வண்டி ஆஃப் ஆகி சாய்வது இந்தப் பழக்கம் இல்லாததால்தான். மெதுவான திருப்பத்தில் சூத்திரம்: அரை கிளட்ச், பின் பிரேக்கில் லேசான அழுத்தம், முன் பிரேக்கிலிருந்து விரல் விலகியிருக்கட்டும், தலை போக வேண்டிய இடத்தை நோக்கித் திரும்பியிருக்கட்டும். வண்டி கண் போகும் பக்கம் போகும். பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் பள்ளத்தில்தான் இறங்கும். 7 மீட்டர் அகலத்துக்குள் இரு பக்கமும் யூ டர்ன் அடிக்க வந்தால் மைதானத்தில் பாதி வேலை முடிந்தது.

இன்னொரு பொறி: ஆக்சிலரேட்டரைப் பிடித்திருக்கும் மணிக்கட்டு கீழே தொங்கினால், வண்டி திடுக்கென முன்னால் பாயும்போது உடல் பின்னால் சாய்ந்து கை இன்னும் முறுக்கிவிடும். வண்டி பாய, கை முறுக்க, அது ஒரு சுழல். மணிக்கட்டைத் தட்டையாக வைத்து, இடக்கையின் இரண்டு விரலைக் கிளட்ச்மேல் வைத்திருங்கள். எது நடந்தாலும் முதலில் கிளட்ச் பிடி. இன்ஜின் எவ்வளவு கத்தினாலும் சக்கரத்துக்குப் பலம் போகாது.

வேகம் 20 கி.மீ.யைத் தாண்டியதும் திருப்பும் முறை மாறும். வலப்பக்கம் போக வலக்கைப் பிடியை மெல்ல முன்னால் தள்ள வேண்டும். வண்டி வலப்பக்கம் சாய்ந்து திரும்பும். கேட்க முரணாக இருக்கும், சைக்கிள் ஓட்டிய உங்கள் கைக்கு ஏற்கெனவே தெரியும். பயத்தில் கை விறைத்தவர்களுக்கு மட்டும் இது வராது: இரண்டு கையும் இறுகினால் ஒன்று தள்ளுவதை மற்றது தடுக்கும், வண்டி நேராக ஓரத்துக்கு ஓடும். உங்கள் பயத்தைப் பற்றிக் கேட்டீர்கள் இல்லையா? உங்களைப் பிரேக்மேல் விரல் வைக்கச் செய்யும் பயம் நல்லது. முழங்கையை விறைக்க வைக்கும் பயம் இருந்தால் அன்று வண்டி எடுக்காதீர்கள். ஓட்டும்போது முழங்கையைச் சிறகுபோல் ஆட்டிப் பார்த்தால் எந்தப் பயம் என்று தெரிந்துவிடும்.

சாலையில்

20 வருடக் கார் அனுபவம் உங்களுக்குப் பெரிய சொத்து. யார் எப்போது திரும்புவார், எந்தக் கதவு திறக்கும் என்று 20 வயதுப் பையனைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். காரில் வந்த ஒரு நம்பிக்கையை மட்டும் கழற்றிவிட வேண்டும்: மற்றவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்ற நம்பிக்கை. பைக் ஒடுங்கலானது, எதிரே வருபவருக்கு அது உண்மையைவிடத் தொலைவில், மெதுவாக வருவதாகத் தோன்றும். நேராகத் தன்னை நோக்கி வரும்போது பின்னணியோடு ஒட்டி அசையாதது போலவே தெரியும். அதனால்தான் உங்களை நேராகப் பார்த்த ஓட்டுநர்கூட குறுக்கே திருப்புகிறார், பிறகு "எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை" என்கிறார். பெரும்பாலும் அவர் பொய் சொல்லவில்லை.

ஆகவே சந்திப்பு வரும் முன் வேகத்தை 10 கி.மீ. குறையுங்கள், விரலைப் பிரேக்மேல் வையுங்கள், பாதைக்குள்ளேயே சற்றுப் பக்கவாட்டில் நகர்ந்து உங்கள் உருவம் அசைவதைக் காட்டுங்கள். ஓட்டுநரின் கண்ணை நம்பாமல் காரின் முன் சக்கரத்தைப் பாருங்கள். கார் நகரப்போவதை அதுதான் முதலில் சொல்லும். பெரிய வாகனத்தின் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள். எதிரே வருபவருக்கு நீங்கள் இல்லாதவர் ஆகிவிடுவீர்கள்.

மழை தொடங்கிய முதல் சில நிமிடங்கள் மோசமானவை. தூசியும் எண்ணெயும் நீரோடு கலந்து மிதக்கும். ஓரமாக நின்று காத்திருந்தால் போதும். சாலையில் பூசிய வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, மணல் இவற்றின்மேல் சாய்வதும் பிரேக் பிடிப்பதும் வேண்டாம்.

உடுப்பு

முகம் முழுவதையும் மூடும் ஹெல்மெட், தயக்கமே வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் 2008-ம் ஆண்டுத் தொகுப்பாய்வின்படி ஹெல்மெட் மரண வாய்ப்பை 42 சதவீதமும் தலைக்காய வாய்ப்பை 69 சதவீதமும் குறைக்கிறது. கன்னம் சற்று அழுந்த வேண்டும். ஹெல்மெட்டைப் பிடித்துத் திருப்பினால் தோலும் கூடவே நகர வேண்டும். வாரைக் கட்டியபின் பின்பக்கத்திலிருந்து முன்னால் உருட்டிப் பாருங்கள், கழன்றால் அளவு பெரிது. கண்ணாடியோடு 15 நிமிடம் போட்டிருந்து, நெற்றியில் ஓரிடம் மட்டும் வலித்தால் வேறு வடிவம் தேடுங்கள். ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட்டின் உள் நுரை நசுங்கியிருக்கும், வெளியே தெரியாது; மாற்றிவிடுங்கள்.

அடுத்த இடம் கையுறைக்கு, ஏனென்றால் விழும்போது முதலில் ஊன்றுவது உள்ளங்கை. உள்ளங்கையின் அடிப்பகுதியில் வழுக்கும் கெட்டித் தகடு உள்ளதாகப் பாருங்கள். பிறகு கணுக்காலை மூடும் பூட்ஸ். கயிறு இருந்தால் உள்ளே செருகுங்கள், கியர் நெம்பில் மாட்டும். தோள், முழங்கை, முதுகுக் கவசம் உள்ள ஜாக்கெட். துப்பட்டா, தொங்கும் பை வார், பறக்கும் எதுவும் செயின் பக்கம் போகக் கூடாது.

வீடு

உங்கள் கணவர் சொல்லும் மாற்றுவழியில் ஒரு ஓட்டை இருக்கிறது. பின்னால் உட்காருபவருக்கும் அதே சாலை, அதே கார்கள். கையில் பிரேக் மட்டும் இல்லை. ஆகவே அது உங்கள் ஆபத்தைக் குறைக்கவில்லை, அவருடைய பதற்றத்தை மட்டும் குறைக்கிறது. இதை அவரிடம் சண்டையாகச் சொல்லாதீர்கள். நண்பரின் விபத்து எப்படி நடந்தது என்று அவரை முழுதாகச் சொல்லவிட்டுக் கேளுங்கள். இரவா, மழையா, மதுவா, ஹெல்மெட் இருந்ததா, லாரியை முந்தும்போதா? அவர் சொல்லும் ஒவ்வொரு காரணமும் உங்கள் விதிப்பட்டியலில் ஒரு வரி ஆகட்டும். பொத்தாம்பொதுவான பயத்துக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. "ராத்திரியில் ஓட்ட மாட்டேன்" என்பது அவரே சரிபார்க்கக்கூடிய பதில்.

எழுதி வைக்கும் உடன்பாட்டில் நான் சேர்க்கச் சொல்வது: பயிற்சி முடித்து உரிமம் வாங்கும்வரை சொந்த வண்டி இல்லை. முதல் 1,000 கி.மீ.க்கு இரவு, மழை, நெடுஞ்சாலை, பின்னால் ஆள், நான்கும் இல்லை. முழு உடுப்பு இல்லாமல் பக்கத்துத் தெருவுக்கும் இல்லை. கிளம்பும்போது வழியையும் திரும்பும் நேரத்தையும் சொல்வது, கைபேசியில் இருப்பிடம் பகிர்வது. ஒரு மாதத்தில் இரண்டு முறை "தப்பித்தேன்" என்று தோன்றினால் மீண்டும் பயிற்சியாளரிடம் ஒரு அமர்வு. ஆயுள், மருத்துவக் காப்பீட்டில் மோட்டார் சைக்கிள் விபத்து அடங்குமா என்று இருவரும் சேர்ந்து படித்துவிடுங்கள். அவர் வெளியே சொல்லாத கவலை அதுவாகவும் இருக்கலாம். பிரேக் பயிற்சி நாளில் அவரை மைதானத்துக்குக் கூப்பிடுங்கள். பேச்சு வேண்டாம், அளந்த தூரங்களை எழுதும் வேலையை அவரிடமே கொடுங்கள்.

மாமியாரைச் சம்மதிக்க வைக்க முயல வேண்டாம். அவருக்குப் புள்ளிவிவரம் வேண்டாம், நீங்கள் வீடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான். சொன்ன நேரத்துக்குத் திரும்புவதையும், தாமதமானால் நிறுத்திவிட்டுப் பேசுவதையும் சில மாதம் தவறாமல் செய்யுங்கள். மகனுடைய குதூகலத்தில்தான் நான் அதிகக் கவனம் வைப்பேன். இன்னும் சில வருடத்தில் அவனும் வண்டி கேட்பான். அப்போது நீங்கள் சொல்வதை அவன் கேட்க மாட்டான், நீங்கள் கையுறை இல்லாமல் போன அந்த ஒரு நாளை நினைவுபடுத்துவான். வாரம் ஒருமுறை டயர் காற்று, செயின் தொய்வு, விளக்கு, பிரேக் எண்ணெய் பார்க்கும் பொறுப்பை அவனோடு பகிருங்கள். காற்றை வண்டி ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும்; சூட்டில் அளந்தால் கூடுதலாகக் காட்டும். செயின் பெரும்பாலான சிறிய வண்டிகளில் 20 முதல் 30 மி.மீ. வரை ஆட வேண்டும், சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும்.

தோழிகளின் பயணத்துக்கு வருகிறேன். புதியவர் கூட்டத்தோடு போனால் தன் வேகத்தில் ஓட்ட மாட்டார், முன்னால் போகிறவரின் வேகத்தில் ஓட்டுவார். வளைவில் முன் வண்டியின் பின்விளக்கைப் பார்ப்பாரே தவிர சாலையைப் பார்க்க மாட்டார். பின்தங்கியதும் பிடிக்க முறுக்குவார். ஆறு மாதத்தில் மைதானம், உரிமம், முதல் 1,000 கி.மீ. மூன்றையும் நிதானமாக முடிப்பதே பெரிய வேலை. அதன்பின் ஒருவரோடு மட்டும், அரை நாள் தூரம், மணிக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் குடித்து, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பும் பயணங்களாகப் போய்ப் பாருங்கள். இந்த முறை தோழிகளிடம் "நான் காரில் பின்னால் வருகிறேன், பைகளை என்னிடம் கொடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். நல்ல தோழிகள் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். சாமான் கட்டாத வண்டி அவர்களுக்கும் வளைவில் சுலபமாகத் திரும்பும்.